ஈசானி மூலையில் இறங்கிய பல்சக்கரம்

உங்களில் யாராவது இதுவரை வெட்டிக்கொண்டிருந்த வேலையைத் தொட்டிக்குள் போட்டிருக்கிறீர்களா? கையைத் தூக்க வேண்டாம். சூப்பர்வைசர் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துக்கொண்டிருப்பார். மனதுக்குள் தூக்கினால் போதும்.

வாட்டர்ஜெட் மெஷினில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டார். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்து டிவி ரிமோட்டைப் பிரித்துப் பிரித்து மாட்டுகிறேன் என்று யாரோ அவரிடம் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அநேகமாக என் மனைவி. பம்பின் அழுத்தம் எவ்வளவு, நாசில் எத்தனை மணி நேரம் தாங்கும், மணல் எவ்வளவு போக வேண்டும் என்பதெல்லாம் மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. அதை மறுபடி எழுத எனக்குப் பொறுமை இல்லை. நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். எழுதினால் மானம் போகும். போகட்டும், ஓய்வு பெற்றவனுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன வேலை.

உங்கள் வீட்டில் இருப்பவர்களும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைப் பயங்கரமாக அழுத்தி, தலைமுடி பருமனில் ஒரு ஓட்டை வழியாக விட்டு, அதில் சிவப்பாக இருக்கிற கார்னெட் மணலைக் கலந்து நாசில் என்கிற மூக்கு வழியாகப் பீச்சினால், அந்த ஜெட் இரும்பை வெட்டும். நெருப்பு இல்லை, பொறி இல்லை. வெட்டுகிற தகடு ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியின் மேல் கிடக்கும். தொட்டியின் குறுக்கே இரும்புப் பட்டைகளை வரிசையாக நிறுத்தியிருப்போம். தகட்டின் பாரம் முழுக்க அந்தப் பட்டைகள் மேல்தான். ஜெட் தகட்டை வெட்டி முடித்துவிட்டுச் சும்மா போகாது. கீழே இருக்கிற பட்டையையும் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் போகும். அதனால் வேலையை இன்றைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். கடிபட்ட பட்டையை அவ்வப்போது கழற்றிப் புதிது போட வேண்டும். இதை உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள்.

எங்கள் பட்டறையில் அதற்கு ஒரு இடைஞ்சல் இருந்தது. முதலாளிக்கு வாஸ்துவில் நம்பிக்கை. லேசான நம்பிக்கை இல்லை, ஸ்க்ரூடிரைவரைக்கூடக் கிழக்குப் பார்த்துத் தொங்கவிடுகிற அளவு நம்பிக்கை. மெஷின் வந்து இறங்கிய அன்றே ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார். பாவம், அந்த மனுசர் அதுவரை வீடுகளையும் மாட்டுக் கொட்டகைகளையும்தான் பார்த்திருந்தார். மெஷினைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். "இது என்ன பண்ணுமுங்க?" என்று கேட்டார். தண்ணீரில் இரும்பை வெட்டும் என்றோம். நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம், "தண்ணி சம்பந்தப்பட்டது எல்லாம் ஈசானி மூலைங்க" என்று வடகிழக்கைக் காட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். மெஷின் பட்டறையின் வடகிழக்கு மூலையில் நின்றது. அதோடு விடவில்லை. மெஷினின் மேசையிலும், அதாவது தொட்டியின் மேல் பட்டைகள் நிற்கிற பரப்பிலும், வடகிழக்கு மூலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கட்டம் போட்டு, எந்த வேலையாக இருந்தாலும் அந்தக் கட்டத்துக்குள்தான் தகட்டை வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன். என்னோடு வேலை செய்த ஜாகீர் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவர், கோட்டைமேட்டுக்காரர், தகடு ஏற்றி இறக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் இரண்டு பேருக்கும் வாஸ்துவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்த மூலையை முதலாளியைவிட நாங்கள்தான் அதிகமாக நம்பினோம். காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த மூலை கண்ட்ரோல் பேனலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஃபேனுக்கு நேர் கீழே இருந்தது. டீ வைக்கிற ஸ்டூலுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. எங்கள் சோம்பேறித்தனத்துக்கு வாஸ்து என்று ஒரு கௌரவமான பேர் கிடைத்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

விளைவு என்னவென்றால், அந்த மூலையில் இருந்த பட்டைகள் கடிபட்டுக் கடிபட்டு ஓட்டைப் பல்லாக நின்றன. மேசையின் மற்ற மூன்று பக்கமும் பட்டைகள் வாங்கிய மேனிக்கு மினுமினுத்தன. வெளியாட்கள் பட்டறையைப் பார்க்க வந்தால் நான் அவர்களை அந்தப் பக்கமாகக் கூட்டிப்போய், "பாருங்க, எப்படி மெயின்டெய்ன் பண்றோம்னு" என்று காட்டுவேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை.

இப்படியிருக்கும்போது ஒரு நாள் காலை காங்கேயத்திலிருந்து கோமதி என்கிற அம்மா ஒரு வேனில் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தேங்காய் எண்ணெய் மில் நடத்துகிறவர். மில்லில் பெரிய பல்சக்கரம் ஒன்று உடைந்து மூன்று நாளாக எல்லாம் நின்றுபோயிருந்தது. புதிது செய்து தர மூன்று வாரம் ஆகும் என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். எங்கேயோ தேடி அலைந்து, ஏற்கனவே ஹார்டனிங் செய்து இறுக்கிய கனமான இரும்புத் தகடு ஒன்றைப் பிடித்துக் கொண்டுவந்திருந்தார். கனம் எண்பது மில்லிமீட்டர், எடை நூறு கிலோவைத் தாண்டும். கேஸில் வெட்டினால் சூட்டில் இரும்பின் உறுதி போய்விடும். சாதாரண மெஷினில் வெட்டினால் டூல் தேய்ந்துபோகும். தண்ணீர்தான் வழி.

"ஏனுங்ணா, இது ஆகுமுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆகுமுங்க. சாயங்காலத்துக்குள்ள கையில குடுத்தர்றனுங்க."

"குடோன்ல எடமில்லீங்க. மில்லு ஓடாததால வந்த கொப்பரை பூராக் களத்துல கெடக்குது. மழை வந்துச்சுன்னா பூசணம் புடிச்சு ஒண்ணுக்கும் ஆகாமப் போயிருமுங்க. இந்த ஒரு பிளேட்டுதானுங்க கெடச்சுது. இது போச்சுன்னா வேற இல்லீங்க."

"கவலையே படாதீங்க, என்ற கையில ஒரு பிளேட்டும் போனதில்லீங்க" என்றேன். வாயில் சனி என்பார்களே, அது அன்றைக்கு என் வாயில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

ஜாகீர் செயின் பிளாக்கில் தகட்டைத் தூக்கி, வழக்கம்போல மஞ்சள் கட்டத்துக்குள் இறக்கப் போனார். கோமதியம்மா மேசை ஓரமாக வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, இந்த மூலையில மட்டும் இரும்பு எலி கடிச்சாப்ல இருக்குதுங்களே?"

"அது ராசியான மூலைங்க. எல்லா வேலையும் அங்கதானுங்க."

"அந்தப் பக்கம் பூராப் புத்தம் புதுசா இருக்குதே, அங்க வெச்சா ஆகாதுங்களா?"

"வாஸ்துங்க" என்றேன், டாக்டர் நோயாளியிடம் மருந்துப் பேரைச் சொல்கிற தோரணையில். அந்தம்மா போய் டீ ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். எண்ணெய் மில் நடத்துகிறவர் பார்த்த முதல் நிமிடத்தில் கண்டுபிடித்துச் சொன்னதை, தினமும் எட்டு மணி நேரம் அதன் பக்கத்தில் நின்ற நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் ஏதாவது கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு, ஒரு தடவை குனிந்தும் பாருங்கள்.

வெட்ட ஆரம்பித்தோம். கனமான இரும்பில் அவசரம் ஆகாது. மேலே ஜெட் நுழைந்த இடத்துக்கு நேர் கீழே அது வெளியே வராது, கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். நடப்பவர் சேலையின் பின்கொசுவம் தரையில் இழுபடுகிற மாதிரி. நேர்கோட்டில் போகும்போது இதனால் தொந்தரவு இல்லை. பல்லின் முனையில் வேகமாகத் திரும்பினால் மேலே பல் சரியாக இருக்கும், கீழே கோணலாக இருக்கும். அதனால் ஒவ்வொரு முனையிலும் வேகத்தைக் குறைத்து, வால் வந்து சேரும்வரை காத்திருந்து திரும்ப வேண்டும். முதலில் நடுத்துளையை வெட்டினோம். வெட்டுப்பட்ட நடுத்துண்டு தொபுக்கென்று தொட்டிக்குள் விழுந்தபோது கோமதியம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "அது விழ வேண்டியதுதானுங்க" என்று நான் சமாதானம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

காலை முழுக்கப் பற்களை வெட்டினோம். நடுவில் இரண்டு தடவை காங்கேயத்திலிருந்து போன் வந்தது. முதல் தடவை, வடக்கே மேகம் கட்டுகிறது என்று சொன்னார்களாம். இரண்டாவது தடவை அந்தம்மா போனைக் கேட்டுவிட்டு வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வேகத்தைக் கூட்டலாமா என்று கை அரித்தது. கூட்டவில்லை. அன்றைக்கு நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

இன்னும் ஏழு பல் பாக்கி இருந்தபோது கீழிருந்து டொக் என்று ஒரு சத்தம் வந்தது. ஜெட்டின் இரைச்சல் லேசாக மாறியது. பார்த்தால், தகட்டின் ஒரு மூலை சாய்ந்திருந்தது. அதிகம் இல்லை, ஒரு நகக்கண் அளவு. ஆனால் சாய்ந்துகொண்டே இருந்தது.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து வரும்போது முதலில் வருவது புத்தி இல்லை, வெட்கம்தான். அந்த வெட்கத்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்த யோசனை இன்னும் மோசம். நிறுத்தினால் நின்ற இடத்தில் பல்லில் ஒரு வடு விழும், மறுபடி அதே கோட்டில் ஜெட்டைக் கொண்டுபோய் நிறுத்துவது பெரும்பாடு. இன்னும் ஏழு பல்தானே, தகடு அதுவரை தாங்கிவிடாதா என்று ஒரு நப்பாசை. தாங்காவிட்டால் மீதிப் பற்கள் எல்லாம் சாய்வாக வெட்டுப்பட்டு ஒரே தகடும் வீணாகிவிடும். நாசில் தகட்டில் முட்டினால் மெஷினும் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பொத்தானின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு பல்லின் பாதியை வெட்ட விட்டேன்.

அப்போது கோமதியம்மா ஸ்டூலை விட்டு எழுந்தார்.  தகட்டையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

இரைச்சல் நின்றதும் பட்டறையே காது அடைத்துப்போன மாதிரி ஆனது. முதலாளி தன் அறையிலிருந்து ஓடிவந்தார். நிலைமையைப் பார்த்தார். நல்ல மனுசர்தான், ஆனால் பதற்றத்தில் அவர் வாய் அவருக்கு முன்னால் ஓடிவிடும்.

"பிளேட்டு நாங்க நெனச்சதுக்கு மேல கனமுங்க, பாரம் தாங்காமப் பட்டை எறங்கிப்போச்சு" என்று அந்தம்மாவிடம் சொல்லிவிட்டு, நானும் ஆமாம் போட வேண்டும் என்று என்னிடம் கண்ணைக் காட்டினார்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தன் தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தான் வாங்கிவந்ததில்தான் ஏதோ தப்பு என்று நம்ப ஆரம்பித்த முகம் அது. 

"பிளேட்டு மேல தப்பு இல்லீங்க" என்றேன். "பட்டை தேஞ்சுபோச்சு. அதை மாத்தாம உட்டது நானுங்க. காலையில நீங்க கேட்டப்பவே குனிஞ்சு பாத்திருக்கோணும்."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு போனஸ் கருகியது. கோமதியம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"சரிங்க, அதையெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். இப்ப மேல இருந்து தூக்கறதா, அடியில முட்டுக் குடுக்கறதா?"

"செயின் பிளாக்கைப் போட்டுத் தூக்கிப்போடலாமுங்ணா" என்றார் ஜாகீர்.

"தூக்குனா ஆடும் ஜாகீர். துளி நகந்தாலும் வெட்டுன கோடும் வெட்டப்போற கோடும் சேராது. அடியிலதான் முட்டுக் குடுக்கோணும்."

அடியில் என்றால் தொட்டிக்குள். பம்பை அணைத்து, அழுத்தம் முழுக்க இறங்கிவிட்டதா என்று பார்த்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். பக்கத்துப் பட்டைகள் நாலைக் கழற்றினோம். தண்ணீரைப் பாதி வடித்தோம். உள்ளே இடுப்பளவு செம்மண் குழம்பு, அதற்குக் கீழே முழங்கால் அளவு கார்னெட் சேறு. யார் இறங்குவது? நான் ஜாகீரைப் பார்த்தேன். ஜாகீர் ரொம்ப மரியாதையாக, "தப்பு யாரோடதோ அவங்க எறங்கறதுதானுங்களே மொறை" என்றார். பதினாலு வருட நட்பு அங்கே பளிச்சென்று தெரிந்தது.

இறங்கினேன். இரண்டு செருப்பும் சேற்றிலேயே தங்கிவிட்டன. கார்னெட் மணல் இரும்பை வெட்டும் என்று எனக்குத் தெரியும். பேண்டுக்குள் போனால் எப்படி இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. ஒரு மரக்கட்டையைத் தகட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன், சேற்றில் அமுங்கியது. இன்னொன்று வைத்தேன், அது மிதந்து போய் முதலாளி நிற்கிற பக்கம் கரை ஒதுங்கியது.

மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த கோமதியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏனுங்ணா, உங்களுக்கு வாய்க்கால் ஒடச்சா அடைக்கத் தெரியாதுங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. நான் பிறந்து வளர்ந்தது பைப் தண்ணீரில். அவர் வேனிலிருந்து வெறும் கொப்பரைச் சாக்குகளை அள்ளிக்கொண்டு வந்தார். வெளியே குவித்து வைத்திருந்த பழைய கார்னெட் மணலை மண்வெட்டியால் அவரே அள்ளிச் சாக்கில் போட ஆரம்பித்தார். உதவிக்குப் போன முதலாளி ஒரு சாக்கை வாய் வரை நிரப்பினார்.

"முக்காவாசி ரொப்புங்க போதும். நெறக்க ரொப்புனா உருளும், படியாது" என்று அதட்டல் விழுந்தது. முதலாளி பாதியைக் கொட்டினார். அவர் பட்டறையில் அவரை அதட்டி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். மனதுக்கு இதமாக இருந்தது.

"வாயை மடிச்சு அடிப்பக்கமாப் போடுங்ணா. முதி முதி, கால்ல நல்லா முதிங்க."

மிதித்தேன். சாக்குக்கு மேல் சாக்காக, ஜெட் போக வேண்டிய கோட்டிலிருந்து தள்ளி, சக்கரத்தின் உடம்புப் பகுதிக்கு அடியில் மட்டும் அடுக்கினோம். சாக்கு மணல் சேற்றின் மேல் உட்கார்ந்து கல்லாக இறுகியது. அதன் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் அவருடைய வேன் ஜாக்கி. இனி நான் கீழிருந்து ஜாக்கியைத் திருக வேண்டும், தகடு மட்டமாகிவிட்டதா என்று மேலே யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.

ரசமட்டத்தைத் தேடினால் காணோம். முதலாளி தன் போனில் மட்டம் பார்க்கிற ஆப் இருக்கிறது என்று பெருமையோடு எடுத்துத் தகட்டின் மேல் படுக்க வைத்தார். திரையில் ஒரு குமிழி. அது நடுவுக்கு வந்தால் சரி. நான் திருகினேன், ஜாகீர் குமிழியைப் பார்த்து வர்ணனை கொடுத்தார். "வருதுங்ணா... வருது... இன்னுங் கொஞ்சம்..."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. குமிழி போய் வாஸ்துக்காரரின் படம் வந்தது. தகடு சாய்ந்த பதற்றத்தில் முதலாளி முதலில் போன் போட்டது அவருக்குத்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அழைப்பை நிறுத்துவதற்காக ஜாகீர் ஈர விரலால் எதையோ தொட்டார். அது ஸ்பீக்கரைப் போட்டுவிட்டது. போனைத் தூக்கவும் பயம், தகட்டின் மேல் யார் கை வைக்கவும் நான் விடவில்லை.

"ஏனுங்க, கூப்ட்டிருந்தீங்களாமா? பூசையில இருந்தனுங்க. என்ன விசயம்?"

முதலாளி எட்டடி தள்ளி நின்றபடியே கத்தினார். "ஈசானியில வெச்ச பிளேட்டு சாஞ்சுபோச்சுங்க!"

"எத்தன பாரமுங்க?"

"நூறு கிலோவுக்கு மேலுங்க!"

போனில் குரல் ஏறியது. "ஈசானியில பாரம் ஏத்துனீங்களா? யாருங்க அப்படிச் சொன்னது?"

"நீங்கதானுங்க சொன்னீங்க!"

"நான் தண்ணியத்தானுங்களே அங்க வெக்கச் சொன்னேன்? பாரம் எல்லாம் கன்னி மூலைக்குப் போகோணுமுங்க! ஈசானியில ஒரு ஆட்டுக்கல்லு வெக்கறதுக்கே ஒத்துக்கமாட்டனே நானு. ஊடு கட்டறவங்க எல்லாத்துக்கும் தெரியுமுங்களே இது!"

கன்னி மூலை என்றால் தென்மேற்கு. நான் தொட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தேன். எங்கள் மேசையின் தென்மேற்கில் பட்டைகள் புத்தம் புதிதாக மினுமினுத்துக்கொண்டு நின்றன. வாஸ்துவை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தால்கூட இந்தத் தகடு சாய்ந்திருக்காது.

முதலில் சிரித்தது கோமதியம்மாதான். மூன்று நாள் மில் நின்று, களம் முழுக்கக் கொப்பரையைப் போட்டுவிட்டு வந்த மனுசி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்புறம் ஜாகீர். கடைசியில் முதலாளியே சிரித்துவிட்டார். "சிரிக்காதீங்க, ஜாக்கி ஆடுது" என்று கத்திக்கொண்டே நானும் சிரித்தேன். வாஸ்துக்காரர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். திரையில் மறுபடி மட்டம் வந்தது. குமிழி கச்சிதமாக நடுவில் நின்றது. சிரிப்பில் நான் எவ்வளவு திருகினேன் என்று இன்றுவரை தெரியாது.

வெளியே வந்து, நாசிலில் ஒரு மெல்லிய கம்பியைச் செருகி, தண்ணீர் விடாமல், ஏற்கனவே வெட்டிய கோட்டிலேயே மூன்று பல் தூரம் ஓட்டிப் பார்த்தேன். கம்பி எங்கேயும் உரசவில்லை. அவசரமாக இருக்கிறது என்று இந்த வெறும் ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள். நின்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பித்து, மீதிப் பற்களையும் வெட்டினோம். நான் உட்காரவில்லை. உட்காருகிற நிலைமையிலும் இல்லை, மணல் அப்படி.

நாலு மணிக்குச் சக்கரம் வெளியே வந்தது. சாய்ந்தபோது வெட்டுப்பட்ட ஒரு பல்லில் மட்டும் சின்னதாக ஒரு படி இருந்தது. கிரைண்டரில் தேய்த்து மழுப்பினேன், ஆனாலும் நகத்தால் தடவினால் ஒரு பள்ளம் தெரிந்தது. எண்ணெய் பூசிக் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. ஒரே நாளில் இரண்டு தடவை மறைக்கச் சந்தர்ப்பம் வந்தது, முதல் தடவையைவிட இரண்டாவது தடவை உண்மையைச் சொல்வது சுலபமாக இருந்தது. அந்தம்மாவின் விரலைப் பிடிக்காத குறையாக அந்தப் பல்லைத் தொட்டுக் காட்டினேன்.

"இந்த ஒரு பல்லு கொஞ்சம் குறைங்க. மெதுவாச் சுத்தற சக்கரம்தான், ஓடும். ஆனா சத்தம் வருமுங்க."

"மில்லு ஓடுமுங்களா?"

"ஓடுமுங்க."

"அது போதுமுங்க." வேனில் ஏற்றிக்கொண்டு, நனைந்த ஜாக்கியை என்னிடமே விட்டுவிட்டுப் பறந்துவிட்டார்.

அன்று ராத்திரி நான் இரண்டு வாளித் தண்ணீரில் குளித்தும் காதிலிருந்து மணல் வந்துகொண்டிருந்தது. பத்து மணிக்குப் போன். கோமதியம்மா ஹலோகூடச் சொல்லவில்லை. "கேக்குதுங்களா?" என்றார். போனை எங்கேயோ நீட்டிப் பிடித்தார் போலிருக்கிறது. கரகரவென்று மில் ஓடுகிற சத்தம். நடுவில் ஒரு டக். மறுபடி கரகர, மறுபடி டக். என் முகம் சுருங்கிப்போனது.

"மாட்டுன ஒடனே குடோன்ல இருந்து எடுத்து அரைக்க ஆரம்பிச்சு எடம் பண்ணியாச்சுங்ணா. களத்துல கெடந்ததை உள்ள அள்ளியாச்சு. இப்பத்தான் தூறல் போடுது."

"அந்த டக்குச் சத்தம்..." என்று இழுத்தேன். "வேற பிளேட்டு கெடச்சா நானே வெட்டித் தர்றனுங்க."

"அது கெடக்கட்டுமுங்க. ஊட்டுக்குள்ள சோறாக்கீட்டு இருந்தாலும் மில்லு ஓடுதுன்னு தெரியுதே. அது நின்னாத்தானுங்க எனக்குப் பயம்."

மறுநாளே பட்டைகளை எல்லாம் மாற்றினோம். முதலாளி வாஸ்துக்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்து ஒரு அட்டவணை வாங்கினார். திங்கள், செவ்வாய் கன்னி மூலை. புதன் அக்னி மூலை. வியாழன், வெள்ளி வாயு மூலை. சனிக்கிழமை மட்டும், பத்து கிலோவுக்குள் இருந்தால், ஈசானி. இப்போது பேனலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறதே, அந்தக் காகிதத்தைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சிரியுங்கள், ஆனால் கிழித்துவிடாதீர்கள். பட்டைகள் நாலு பக்கமும் ஒரே சீராகத் தேய்கின்றன, அதற்கு எந்தப் பேர் வைத்தால் என்ன.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாணத்துக்காகக் காங்கேயம் போனபோது, ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அந்த மில்லுக்குப் போனேன், மனைவியோடு. வாசலுக்கு வருமுன்பே சத்தம் கேட்டது. கரகர, டக். கோமதியம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டார். "அட, எல்லாரும் இங்க வாங்க. டக்குக்காரர் வந்திருக்கறாரு!" ஏழெட்டுப் பேர் எண்ணெய்க் கையோடு ஓடிவந்து, ஏதோ கல்யாண மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள். என் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை செய்த காலமெல்லாம் எத்தனையோ பாகங்களை ஒரு கீறல் இல்லாமல் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். அவை எந்த ஊரில், எந்த மெஷினுக்குள் ஓடுகின்றன என்று எனக்குத் தெரியாது. அவற்றை வெட்டியது யார் என்று எவரும் கேட்டதும் இல்லை. நான் கெடுத்து, கெடுத்ததை ஒத்துக்கொண்டு, சேற்றில் இறங்கிச் சரிசெய்த ஒன்றுதான் ஒவ்வொரு சுற்றுக்கும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது.